பொந்துக்குள் வந்த செய்தி

மலைமேல் ஒரு காட்டில், உயரமான மரப்பொந்தில் ஓர் இருவாச்சிப் பறவை குஞ்சோடு இருந்தது. குஞ்சு வளரும்வரை தாய் வெளியே வராது, கண்ணுங்களா. வாசலைப் பழச்சக்கையும் எச்சமும் வைத்துப் பூசிவிடும். அலகு நுழையும் அளவுக்குத்தான் இடுக்கு. அந்த இடுக்கு வழியாக அப்பா பழம் ஊட்டும்.

ஒருநாள் காலையில் போன அப்பா, உச்சிவெயில் தாண்டியும் வரவில்லை. தாய் இடுக்கிலேயே கண்ணை வைத்துக்கொண்டு ஏங்கியது.

வாயாடிக் கிளி பறந்து வந்தது. "அக்கா! அண்ணன் ஆத்தங்கரையில வலையில மாட்டிக்கிட்டாராம்!"

பின்னாலேயே அவசரக்கார அணில் ஓடி வந்தது. "ஆமாக்கா, வலையேதான்! சீக்கிரம் போங்க!"

இரண்டு பேர் சொல்கிறார்களே! தாய் பதறி வாசலைக் கொத்தியது. இறகு உதிர்ந்த காலம், பறக்க முடியாது. மரத்திலிருந்து தத்தித் தத்தி இறங்கி, நடந்தாவது போய்விடலாம் என்று நினைத்தது. பூச்சு உதிர்ந்து வெயில் உள்ளே விழுந்ததும், குஞ்சு மிரண்டு கத்தியது.

தாய் நின்றது. "அணிலே, நீ கண்ணால பார்த்தியா?"

"நான் எங்கக்கா பார்த்தேன்? கிளி சொன்னுச்சு."

"கிளியே, நீ?"

"எனக்கு மரநாய் மாமா சொன்னார். பாவம், நல்லவர். வாசல் திறக்குற வரைக்கும் துணைக்கு இருக்கேன்னு உங்க மரத்தடியிலேயே காத்திருக்கார்!"

தாய்க்குச் சந்தேகம் வந்தது. இடுக்கு வழியாகக் கீழே குரல் கொடுத்தது. "மாமா! எந்தக் கரை? எந்த மரத்துப் பக்கம்?"

"அதெல்லாம் எதுக்கும்மா?" என்றது தந்திரக்கார மரநாய். "நீ கிளம்பு. குஞ்சை நான் பார்த்துக்கிறேன்."

அணில் வாலைச் சுருட்டிக்கொண்டது. கிளி அலகை இறகுக்குள் புதைத்துக்கொண்டது.

தாய் உதிர்ந்த பூச்சை மறுபடி அப்பியது. துணை உயிரோடு இருக்கிறதா என்று அதற்கு இன்னும் தெரியாது. வருமா, வராதா என்று மனம் அடித்துக்கொண்டது. மரநாய் காத்துக் காத்துக் கால் வலித்து, வந்த வழியே திரும்பிப் போனது.

பொழுது சாய்கையில், இடுக்கில் ஓர் அத்திப்பழம் நீண்டது.

"பக்கத்து மலைக்குப் போயிட்டேன். இங்க பழமே இல்லை. பசிச்சுதா?"

"பழம் இருக்கட்டும்," என்றது தாய். "இந்த இடுக்குல உங்க மூக்குதான் தெரியுது. கொஞ்சம் தள்ளி உட்காருங்க. முழுசா ஒருதரம் பார்த்துக்கிறேன்."

நீதி: ஒரு செய்தியை எத்தனை பேர் சொன்னாலும், முதலில் சொன்னது யார், எதற்காகச் சொன்னார் என்று விசாரித்த பிறகே நம்ப வேண்டும்.