பர்மேனோனின் கடைசி மூச்சு

கிரேக்கர்களின் கோஸ் தீவில், கடலை ஒட்டி, தெரோன் என்ற வைத்தியரின் வீடு இருந்தது. நோயாளிகள் படுத்திருப்பதும் அங்கேதான், சீடர்கள் பாடம் கேட்பதும் அங்கேதான்.

சீடர்களில் ஒருவர் எவாண்டர். ஏதென்ஸ்காரர். பாதி ஆயுளைத் தத்துவப் பள்ளிகளில் வாதாடியே கழித்துவிட்டு, உடம்பையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று வந்தவர். ஆசானைவிட வயதில் மூத்தவர். அதனால் தெரோன் அவரை 'நீர்' என்றுதான் சொல்வார். வாயைத் திறந்தால் எவாண்டர் லேசில் மூட மாட்டார், அது ஒன்றுதான் தொல்லை. மற்றபடி நல்ல மனுஷர்.

பக்கத்துத் தீவிலிருந்து பர்மேனோன் என்பவரைப் படகில் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். கடலுக்கு அடியில் மூழ்கிக் கடற்பஞ்சு பறிக்கிறவர். நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. கொண்டுவந்து விட்ட மகன் மறுபடி பஞ்சுப் படகில் போய்விட்டான். அவன் திரும்புவதற்குள், ஒரு நண்பகலில், பர்மேனோன் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்போது பக்கத்தில் இருந்தவர் எவாண்டர்தான்.

மகன் பெயர் கிளைட்டோஸ். வந்தான். அப்பாவைப் புதைத்த இடத்தைப் பார்த்தான். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. நேராக எவாண்டரிடம் வந்தான்.

"எங்கப்பா கடைசி மூச்சு விடும்போது யார் கிட்டக்க இருந்தது?"

"நான்தான் தம்பி."

"எவ்வளவு கிட்டக்க?"

"மூச்சு இருக்கான்னு பார்க்கணும்ல? வாய் பக்கத்துல கன்னத்தை வச்சுப் பார்த்தேன்."

"அப்போ அது உங்ககிட்டதான் இருக்கு," என்றான் அவன். "குடுத்துடுங்க."

எவாண்டர் முழித்தார். அவருக்குக் கிளைட்டோஸின் தீவு வழக்கம் தெரியாது. அங்கே சாகிறவர் விடுகிற கடைசி மூச்சை மகன் வாயோடு வாய் வைத்து வாங்கிக்கொள்வான். மூழ்குகிறவர்கள் வீட்டில் இது ரொம்ப முக்கியம். தாத்தா மூச்சு அப்பாவுக்கு, அப்பா மூச்சு பிள்ளைக்கு. அது கிடைத்தவனுக்குத்தான் ஆழம் வசப்படும் என்பது அவர்கள் கணக்கு.

"காலையில சேதி கேட்டதும் முங்கிப் பார்த்தேன்," என்றான் கிளைட்டோஸ். "பாதிக் கயிறுகூடப் போகல. நெஞ்சு அடைச்சு மேல வந்துட்டேன். எனக்கு இப்படி ஆனதே இல்ல. படகுல எல்லாரும் பார்த்துட்டாங்க. நாளைக்குக் கிளம்புறாங்க. முங்க முடியாதவனை எதுக்கு ஏத்துவாங்க? எனக்கு வேற தொழில் தெரியாதுய்யா."

எவாண்டருக்குப் பாவமாக இருந்தது. பாவப்பட்டதோடு நிறுத்தியிருக்கலாம். எங்கே நிறுத்தினார்? பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

"இங்க பாரு தம்பி. மூச்சுங்கிறது வெளிக்காத்து. நியூமான்னு சொல்லுவோம். உள்ள போய் இதயத்தோட சூட்டை ஆத்துது. நாடிக்குழாய் வழியா ஓடிக் கைகாலை ஆட்டுது. பேச்சு, நினைப்பு, கோபம், எல்லாம் அதோட வேலைதான். ஆள் போனதும் வெளிய வந்து காத்தோட காத்தாக் கலந்துடும். அது யார் சொத்தும் இல்ல. உங்கப்பாவோடதும் இல்ல, என்னோடதும் இல்ல."

கிளைட்டோஸ் கடைசிவரை பொறுமையாகக் கேட்டான்.

"எடுத்தது பத்தாதுன்னு எனக்குப் பாடமும் நடத்துறீங்களா?" என்றான். போய் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டான். எவாண்டர் ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்தார். தொடவில்லை. தண்ணீர் கொடுத்தார். அதையும் தொடவில்லை.

உள்ளே தெரோன் உரலில் மருந்து இடித்துக்கொண்டிருந்தார்.

"ஆசானே, வாசல்ல ஒருத்தன் உட்கார்ந்துக்கிட்டு இல்லாத பொருளைக் கேக்குறான். நான் எங்க போய் எடுத்துக் குடுக்கிறது?"

"இல்லைன்னு சொன்னீரா?"

"விளக்கமாவே சொன்னேன்."

"அடடா!" என்றார் தெரோன். உலக்கையைக் கீழே வைத்தார். "விளக்கமா சொன்னீராக்கும்."

"ஏன், தப்பா? நீங்க சொல்லிக்குடுத்ததுதானே?"

"உமக்குச் சொன்னேன். அவனுக்கு அப்பா செத்திருக்கார்."

தெரோன் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்க் கிளைட்டோஸ் பக்கத்தில் உட்கார்ந்தார். எவாண்டரையும் எதிரே உட்காரச் சொன்னார்.

"அன்னிக்கு நடந்ததை இவன்கிட்ட சொன்னீரா?"

"சொல்ல என்ன இருக்கு? இறந்துட்டார்."

"கன்னத்தை வச்சீர். அப்புறம்?"

"சூடா ஒரு மூச்சு முகத்துல பட்டுச்சு. அடுத்ததுக்காகக் காத்திருந்தேன். வரல."

"எப்படிக் காத்திருந்தீர்?"

"ஆடாம அசையாமத்தான். என் மூச்சுச் சத்தத்துல அவரோடது கேக்காமப் போயிடுமோன்னு நானும் மூச்சை அடக்கிக்கிட்டேன்."

"எவ்வளவு நேரம்?"

"முடிஞ்ச மட்டும். கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. இந்தா வந்துடும், இந்தா வந்துடும்னு..." எவாண்டர் நிறுத்தினார். "மனசு விடல ஆசானே. அவர் கையை வேற பிடிச்சிருந்தேன். கடைசியில என்னால முடியல. வாயைத் திறந்து இழுத்துட்டேன்."

கிளைட்டோஸ் தலையை நிமிர்த்தினான்.

"என்ன பண்ணுனீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க."

எவாண்டர் திரும்பவும் சொன்னார்.

"எங்க படகுல கயிறு பிடிக்கிறவன் இப்படித்தான் பண்ணுவான்," என்றான் கிளைட்டோஸ். "கீழ ஆள் இறங்கினதும் மேல இருக்கிறவனும் மூச்சை அடக்கிக்குவான். தனக்கு முட்டினா கீழ இருக்கிறவனுக்கும் முட்டும்ல? உடனே கயித்தை இழுப்பான். எங்கப்பாவுக்கு நான்தான் பிடிப்பேன். வேற யார் பிடிச்சாலும் இறங்க மாட்டார்."

அவன் எவாண்டரின் கையைப் பார்த்தான்.

"அப்போ அவரு தனியாப் போகல," என்றான்.

"இல்லவே இல்ல தம்பி. கூடவேதான் இருந்தேன். மேல இழுக்கத்தான் என்னால முடியல."

அப்போதுதான் அந்தப் பிள்ளை அழுதான். வந்ததிலிருந்து உள்ளே கிடந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. எவாண்டரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அழுது ஓய்ந்ததும் தெரோன் சொன்னார்: "எவாண்டர், அவர் விட்டது உம்ம முகத்துல பட்டுச்சு. நீர் வாயைத் திறந்து இழுத்தீர். உம்ம வாயால நீரே சொன்னது. குடுத்துடும்."

"ஆசானே! அதுக்கப்புறம் எத்தனை மூச்சு விட்டாச்சு!"

"இன்னும் விட்டுக்கிட்டுதானே இருக்கீர்? குடும்."

எவாண்டர் வாதாடத் தயாரானார். கிளைட்டோஸ் அதற்குள் கண்ணை மூடி, வாயைத் திறந்து, சோற்றுக்குக் காத்திருக்கும் குழந்தை மாதிரி முகத்தை நீட்டிக்கொண்டிருந்தான். அந்த முகத்தோடு யார் வாதாடுவது? எவாண்டர் குனிந்தார். நெஞ்சு நிறைய இழுத்து அவன் வாயில் ஊதினார்.

கிளைட்டோஸ் வாயை இறுக மூடிக்கொண்டான். எழுந்து விறுவிறுவென்று கரைக்குப் போனான். பாறையில் ஏறித் தலைகீழாகக் கடலில் பாய்ந்தான்.

எவாண்டர் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினார். தெரோனும் வந்து சேர்ந்தார்.

"ஆசானே, நான் அந்தப் பிள்ளையை ஏமாத்திட்டேனோ? நான் குடுத்தது அவங்கப்பா மூச்சா, என் மூச்சா? எனக்கே தெரியலையே."

தெரோன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அலை வந்தது, போனது. அவன் குதித்த இடத்தில் நுரைகூட அடங்கிவிட்டது. எவாண்டர் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. ஓயாமல் பேசுகிற மனுஷர், உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. ஆசானின் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தெரோன் ஒரு தரம் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

யாரும் எதிர்பாராத தூரத்தில் தண்ணீர் பிளந்தது. முதலில் ஒரு கை, அதில் கறுப்பாக ஒரு பஞ்சு, அப்புறம் தலை. கிளைட்டோஸ் கையை உயர்த்தி ஆட்டினான். ஏதோ கத்தினான், காற்றில் கேட்கவில்லை. சிரிப்பது மட்டும் தெரிந்தது.

எவாண்டர் 'ஹா' என்று வாயைத் திறந்து இழுத்தார். இருமினார், சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப இழுத்தீரே," என்றார் தெரோன், "இது யாரோடது?"