ஜெஸிந்தா சிஸ்டர் புத்தகம் விற்ற எட்டு நாள்

முப்பத்து நான்கு ஆண்டுகள் பிரசவ வார்டில் செவிலியாக இருந்தவர் ஜெஸிந்தா சிஸ்டர். ஓய்வு பெற்ற பிறகு ஒரே ஒரு புத்தகம் எழுதினார். பெயர் ‘பதினோராம் கட்டில்’. அந்தக் கட்டிலில் வந்து படுத்த பெண்களைப் பற்றிய பதினான்கு கதைகள்.

படித்தவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனால் படித்தவர்கள் குறைவு. பெரும்பாலான பிரதிகள் பதிப்பாளரின் கிடங்கிலேயே இருந்தன. கிடங்கை வேறு இடத்துக்கு மாற்றப் போவதாகவும், போகாத புத்தகங்களைப் பழைய காகிதத்துக்குப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை என்றும் பதிப்பாளர் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். திண்டுக்கல்லில் புத்தகத் திருவிழா வருகிறது, பத்து நாள் எங்கள் அரங்கில் வந்து நில்லுங்கள், எழுதியவரே நின்றால் ஒருவேளை போகும் என்றார்.

அந்தப் பதினான்கு பெண்களில் சிலர் இன்று இல்லை. அவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அந்தப் புத்தகத்தைத் தவிர வேறெங்கும் ஒரு வரி கிடையாது. சிஸ்டர் வருகிறேன் என்றார்.

அரங்கைப் பார்த்துக்கொண்டவள் நூருன்னிசா. முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. எந்த ஊரில் திருவிழா நடந்தாலும் பதிப்பாளர் அவளைத்தான் அனுப்புவார். அவள் குரல் உயர்த்திக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. ஆனாலும் அவள் மேஜைக்கு வந்தவர்கள் வெறுங்கையோடு போவது அபூர்வம்.

முதல் நாள் ஒருவர் ‘பதினோராம் கட்டி’லை எடுத்தார். பின்னட்டையைப் படித்தார். சிஸ்டர் அவர் முகத்தைப் பார்க்காமல் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார். வந்தவர் புத்தகத்தை வைத்துவிட்டுப் போனார். அடுத்து வந்த இரண்டு பெண்கள், “இந்தம்மா நல்லா எழுதியிருப்பாங்களா?” என்று சிஸ்டரிடமே கேட்டார்கள். சிஸ்டர், “தெரியலைங்க” என்றார்.

அன்று சாயங்காலம் அவர் நூருன்னிசாவிடம் வந்தார்.

“வார்டுல நான் கத்தினா மாடிப்படி வரைக்கும் கேக்கும்மா. இங்க வாயே வரமாட்டேங்குது. என் புத்தகத்தை நானே வாங்குங்கன்னு எப்படிச் சொல்றது? நீதான் கத்துக் குடுக்கணும்.”

நூருன்னிசா ‘பதினோராம் கட்டில்’ பிரதிகள் அத்தனையையும் அள்ளி மேஜைக்கு அடியில் வைத்தாள்.

“மூணு நாளைக்கு இது வேண்டாம், சிஸ்டர்.”

இருப்பதே பத்து நாள், அதில் மூன்று நாள் ஒளித்து வைத்தால் என்ன ஆவது என்று சிஸ்டர் கேட்டார். மற்றவர்கள் புத்தகத்தை விற்கவா நான் வந்தேன் என்றும் கேட்டார். நூருன்னிசா மற்ற புத்தகங்களை அடுக்கப் போய்விட்டாள். சிஸ்டருக்குக் கோபம் வந்தது. ஆனால் வேறு போக்கிடம் இல்லாததால் மறுநாளும் வந்தார்.

வேலை எதுவும் சொல்லப்படவில்லை. நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவர் ஒருவர் சமையல் புத்தகங்கள் இருந்த இடத்தில் வெகுநேரம் நின்றார். பளபளவென்று படம் போட்ட பெரிய புத்தகம் ஒன்றைத் தொட்டுத் தொட்டு வைத்தார். நூருன்னிசா பக்கத்தில் போய், வீட்டில் யாருக்கு என்று கேட்டாள். பெரியவர், மனைவி படுக்கையில் இருப்பதாகவும் இப்போது தான்தான் சமைப்பதாகவும் சொன்னார். அவள் பெரிய புத்தகத்தை விட்டுவிட்டு, அடியில் கிடந்த மெல்லிய ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். கஞ்சி, ரசம், துவையல், அவ்வளவுதான் அதில் இருந்தது. பெரியவர் அங்கேயே நின்று இரண்டு பக்கம் படித்தார். போகும்போது அவளைக் கும்பிட்டார்.

சிஸ்டர் அதைப் பார்த்தார்.

அதற்கு மறுநாள் அவரும் கேட்கத் தொடங்கினார். யாருக்கு, என்ன வயது, கடைசியாக எதைப் பாதியில் நிறுத்தினார்கள், ஏன் நிறுத்தினார்கள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். தெரியாத புத்தகம் என்றால் நூருன்னிசாவிடம் போய் விசாரித்து வந்து கொடுத்தார். நான்காம் நாள், முந்தின நாள் அவரிடம் வாங்கிப்போன கல்லூரி மாணவி ஒருத்தி தோழியோடு திரும்பி வந்து, அந்த ஆன்ட்டி எங்கே என்று தேடினாள். அன்றைக்கு முழுவதும் சிஸ்டர் தன் புத்தகத்தை நினைக்கவேயில்லை.

ஐந்தாம் நாள் காலையில் நூருன்னிசா குனிந்து பிரதிகளை எடுத்து மேஜையின் நடுவில் அடுக்கினாள். இதைப் பற்றிச் சொல்லுங்கள் என்றாள்.

சிஸ்டர் வீட்டில் எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தார். விளிம்புநிலைப் பெண்களின் வாழ்வு, மூன்று தசாப்த அனுபவம், மானுட நேயம் என்று ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார்.

“கட்டில் நம்பர் ஏன் பதினொண்ணு?” என்று நூருன்னிசா கேட்டாள்.

“அது கதவுக்குப் பக்கத்துல இருக்கும்மா. எங்க மேஜையிலேருந்து பார்த்தா நேரா தெரியும். கூட ஆள் இல்லாம வர்றவங்களை அதுலதான் போடுவோம். தனியா வந்தவ, கண்ணைத் திறந்தா ஒரு முகமாவது தெரியணும்ல.”

சொல்லிவிட்டு அவரே சற்று நின்றார். பிறகு தொடர்ந்தார். ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு நேராக வந்து படுத்த ஒருத்தி. பிறக்கப்போகிற பிள்ளைக்குச் சிஸ்டரின் பெயரையே வைப்பேன் என்று அடம்பிடித்தவள், பிறந்தது பையன் என்றதும் விழுந்து விழுந்து சிரித்தது. மூன்று நாள் ஒரு வார்த்தையும் பேசாதிருந்துவிட்டு, நான்காம் நாள் வார்டு முழுவதையும் கூட்டிப் பெருக்கி வைத்துவிட்டுப் போனவள். சொல்லச் சொல்ல சிஸ்டரின் கைகளும் சேர்ந்து பேசின.

திரும்பிப் பார்த்தால் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். இதெல்லாம் இந்தப் புத்தகத்தில் இருக்கிறதா என்று ஒருவர் கேட்டார். இருக்கிறது, நான்தான் எழுதினேன் என்றார் சிஸ்டர். அதைச் சொல்லும்போது அவர் மின்விசிறியைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. ஆறாம் நாள் அரங்கின் முன்னால் வழி அடைத்துக்கொண்டது. ஏழாம் நாள் திருவிழாக் குழுவினர் வந்து மேடையில் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். சிஸ்டர் இருபது நிமிடம் பேசினார், யாரும் எழுந்து போகவில்லை. எந்தக் கதையை எங்கே நிறுத்தினால் கேட்பவர் நகர மாட்டார் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்திவிட்டு, மீதி உள்ளே இருக்கிறது என்று சொல்லிப் புத்தகத்தை நீட்டுவார். கை தானாக நீளும். பதிப்பாளர் தொலைபேசியில் அழைத்து, பழைய காகிதப் பேச்சை மறந்துவிடுங்கள், கிடங்கில் இருப்பதையும் அனுப்பி வைக்கிறேன் என்றார்.

தன் அறுபதாவது வயதில் இப்படி ஒரு வித்தை கைவந்ததில் சிஸ்டருக்கு ஆச்சரியமும் பெருமையும் தாங்கவில்லை.

“எப்படிம்மா இருக்கு நம்ம பேச்சு?” என்று நூருன்னிசாவிடம் கேட்டார்.

“நல்லா பேசுறீங்க, சிஸ்டர்” என்றாள் அவள். சொல்லிவிட்டு அடுக்கைச் சரிசெய்யப் போனாள்.

எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மதியத்திலிருந்தே கூட்டம். சிஸ்டர் பேசி முடித்ததும் மேஜை முன்னால் வரிசை நின்றது. ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு, முதல் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“அனுசுயா” என்றது ஒரு குரல்.

சிஸ்டர் அகரம் எழுதிவிட்டு நிமிர்ந்தார். நிறைமாதப் பெண். இருபத்திரண்டு வயது இருக்கலாம். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். கணவன் அவளுக்குப் பின்னால் தண்ணீர் பாட்டிலோடு நின்றான்.

“எத்தனாவது மாசம்மா?”

“முடியப் போகுது. புதன்கிழமை வந்து சேரச் சொல்லியிருக்காங்க.”

“முதல் குழந்தையா?”

ஆமாம் என்று தலையாட்டினாள். ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை என்றாள். அவளுக்கு அம்மா இல்லை. யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை. நேற்று மேடையில் சிஸ்டர் பேசியதைக் கேட்டபோது பயம் கொஞ்சம் விட்டதுபோல் இருந்ததாம். இந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டால் புதன்கிழமை தைரியமாகப் போகலாம் என்று கணவனை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

சிஸ்டர் பேனாவைப் பிடித்தபடியே இருந்தார். மேடையில் சொன்னவை எல்லாம் சிரிப்பும் கண்ணீரும் கலந்த கதைகள். மீதி உள்ளேதான் இருந்தது. ஏழாவது கதையில் வருகிறவளுக்கும் இதே வயது. அவளுக்கும் அது முதல் பிரசவம். அவள் வீடு திரும்பவில்லை.

வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சிஸ்டர் பேனாவை மூடினார்.

“இது இப்ப உனக்கு வேண்டாம், தாயி.”

அனுசுயாவுக்குப் புரியவில்லை. கணவன், நாங்கள் வாங்கத்தானே வந்தோம் என்றான். சிஸ்டர் கையெழுத்துக்காகத் திறந்திருந்த புத்தகத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். இதில் நல்லபடியாகப் போனவர்களும் இருக்கிறார்கள், போகாதவர்களும் இருக்கிறார்கள், இரண்டையும் நான் மறைக்காமல் எழுதியிருக்கிறேன், இன்றைக்கு நீ படிக்க வேண்டியது இது இல்லை என்று எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார்.

வரிசையில் ஒரு சலசலப்பு. சாகிற கதையா என்று ஒருவர் கையிலிருந்த பிரதியை மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் நகர்ந்தார்கள்.

சிஸ்டர் அவர்களைப் பார்க்கவில்லை. மேஜையை விட்டு வெளியே வந்து அனுசுயாவை ஓரமாக அழைத்துப்போய் உட்கார வைத்தார். எது பொய் வலி, எது மெய் வலி, எதைக் கண்டால் ஒரு நிமிடமும் நிற்காமல் கிளம்ப வேண்டும், பையில் என்னென்ன எடுத்து வைக்க வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். அவள் கேட்டதையே நான்கு முறை கேட்டாள். நான்கு முறையும் பதில் சொன்னார். பிறகு எதிர் அரங்குக்குக் கூட்டிப்போனார். அங்கே, கல்யாண வீட்டுக் குளறுபடிகளைப் பற்றிய வேடிக்கைக் கதைப் புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்து, இதைப் படித்துச் சிரித்துக்கொண்டே போ என்றார். தன் தொலைபேசி எண்ணைக் கணவனிடம் கொடுத்தார். புதன்கிழமை எந்நேரமானாலும் கூப்பிடச் சொன்னார்.

“பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வந்து உங்க புத்தகத்தை வாங்கிக்கிறேன், சிஸ்டர்” என்றாள் அனுசுயா.

“அப்பவும் உனக்குத் தோணினா வாங்கு.”

இதற்குள் முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. சிஸ்டர் தங்கள் அரங்குக்குத் திரும்பியபோது அங்கே வரிசை இல்லை. அகரம் மட்டும் எழுதிய அந்தப் பிரதி திறந்தே கிடந்தது. நூருன்னிசா மட்டும் நின்றிருந்தாள்.

“இருந்த கூட்டத்தையும் நானே கலைச்சுட்டேன்” என்றார் சிஸ்டர். “நீ இவ்வளவு கத்துக் குடுத்தும் கெடுத்துட்டேனாம்மா?”

நூருன்னிசா மேஜையைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தாள். அடுக்கிலிருந்து ஒரு ‘பதினோராம் கட்டி’லை எடுத்தாள். திறக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இந்த மேஜையில நான் படிக்காத புத்தகம் இது ஒண்ணுதான், சிஸ்டர்.”

சிஸ்டர் அவள் முகத்தைப் பார்த்தார்.

“ஒம்பது வயசுல நான் ஒரு பிரசவ வார்டு வாசல்ல நின்னுக்கிட்டிருந்தேன். தம்பியை மட்டும்தான் வெளியே கொண்டாந்தாங்க.”

அறிவிப்பு ஒலிபெருக்கி எங்கோ யாரையோ அழைத்து ஓய்ந்தது.  அவள் புத்தகத்தைச் சிஸ்டரிடம் நீட்டினாள்.

“இதை நான் படிக்கலாமா, வேண்டாமா? நீங்க எது சொன்னாலும் கேட்டுக்கிறேன்.”