செல்லையா எடுத்த அடைப்பு

மரகதம்மாளின் சீடர்களில் செல்லையாதான் மூத்தவர். குருவைவிடவே இருபது வயது கூடுதல். பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பாடம் நடத்தும் வியாதி மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

ஒரு காலை அவர் குருவின் முன் வந்து உட்கார்ந்தார்.

"மனசு ஆறலைம்மா."

"என்னாச்சு வாத்தியாரே?"

"என் பேச்சை மீறிக் கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு மகளோட நம்பரை பிளாக் பண்ணியிருந்தேன். ரெண்டு வருஷம். பொங்கலுக்கு மனசு கேக்காம அன்பிளாக் பண்ணிட்டேன். எட்டு மாசமாச்சு, ஒரு போன் இல்லை. அவளுக்கு அவ்வளவு நெஞ்சழுத்தம்!"

சொல்லிக்கொண்டே போனை எடுத்து ஒருமுறை பார்த்தார். தினமும் நூறு தடவை போனை எடுத்துப் பார்க்கிறவர் அவர்.

"அன்பிளாக்னா?"

வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அடைப்பை நீக்குறது. குழாய்க்கும் சொல்லலாம், ரோட்டுக்கும் சொல்லலாம், போனுக்கும் சொல்லலாம். அடைப்பை எடுத்துட்டா வரவேண்டியது தானா வரும்."

"நல்லதாப் போச்சு. மலைத்தொட்டியிலேருந்து சமையல்கட்டுக்கு வர்ற குழாய் பத்து நாளா அடைச்சிருக்கு. கொஞ்சம் பாருங்களேன்."

செல்லையா வேட்டியை மடித்துக் கட்டினார். இணைப்பைக் கழற்றி அழுகிய இலை, வேர், செத்த தவளை ஒன்று, எல்லாவற்றையும் இழுத்துப் போட்டார். திரும்ப மாட்டிவிட்டுக் குழாயடியில் குடத்தோடு உட்கார்ந்தார்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. சொட்டுத் தண்ணீர் வரவில்லை. உலை வைக்கக் காத்திருந்தவர்கள் அவரை முறைத்தார்கள்.

கடுப்போடு குருவிடம் போனார். "சுத்தமா எடுத்தாச்சும்மா. தொட்டியிலதான் தண்ணி இல்லை போல."

"தொட்டி ததும்புது. மேலே தொட்டியைப் பார்த்துக்கிற பொம்மையன் வால்வை மூடி வச்சிருக்கான்."

"திறக்க வேண்டியதுதானே?"

"அடைப்பு எடுத்தது அவனுக்கு யார் சொன்னா?"

செல்லையாவுக்கு ரோஷம் வந்தது. "நான் மலையேறிப் போய்ச் சொல்லணுமா? அவன் ஒரு தடவை திறந்துவிட்டுப் பார்த்திருக்கலாமே!"

மரகதம்மாள் அரிசி களைந்துகொண்டே சொன்னார்.

"நாலு நாள் திறந்துவிட்டுப் பார்த்தான் வாத்தியாரே. அப்பெல்லாம் அடைச்சிருந்தது."