உடைக்க முடியாத உத்தரவு

"எனக்குப் பயமா இருக்கு, அம்மை."

வந்ததும் வராததுமாக இப்படித்தான் ஆரம்பித்தார் திருமலைக்கொழுந்து. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நான்தான் "செருப்பு!" என்றேன்.

கோமதியம்மை கூடத்துத் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பாபநாசத்துக்கு மேற்கே, ஆற்றங்கரையில் இருக்கிறது எங்கள் ஆசிரமம். ஆசிரமம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு ஓட்டுக் கூடம், ஒரு அடுப்படி, அம்மை, நான். கேள்வியோடு வருகிறவர்கள் வருவார்கள், போவார்கள்.

இவர் ரொம்ப வருஷமாக வருகிறவர். பெரிய வக்கீல். கொலை, சொத்துத் தகராறு எதையும் தொடமாட்டார். கப்பலில் வருகிற சரக்குதான் அவர் தொழில். வெளிநாட்டு நூல் அடிமாட்டு விலைக்கு வந்து குவிகிறது, கூடுதல் வரி போடுங்கள் என்று மில்காரர்கள் கேட்பார்கள். அவர்களுக்காக நின்று பேசுவார். தோற்றதே கிடையாது என்பார்கள்.

போன வருஷம் அரசாங்கம் அவரையே கூப்பிட்டுவிட்டது. அந்த வரி வேண்டுமா வேண்டாமா என்று முடிவுசெய்கிற அதிகாரியாகத் தில்லியில் உட்கார வைத்தது.

எனக்கு வக்கீல்களைக் கண்டாலே ஆகாது. ஆனாலும் அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மார்கழிக் காலையில் வேர்த்துக் கொட்டியது மனுஷனுக்கு.

"யாரைக் கண்டு பயம்?" என்று கேட்டார் அம்மை.

"யாரையும் கண்டு இல்ல. ஒரு உத்தரவு எழுதி வச்சிருக்கேன். திங்கக்கிழமை கையெழுத்துப் போடணும். போட்டா நூலுக்கு வரி ஏறும், அஞ்சு வருஷத்துக்கு."

"எழுதினது தப்போ?"

"தப்பே கிடையாது. ஒரு ஓட்டை இல்ல. எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் உடைக்க முடியாது. அதான் பயமா இருக்கு."

"வெளங்கும்படியா சொல்லும்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"விசாரணைக்கு மில்காரங்க பக்கம் ஒரு படையே வந்துது. எதிர்ப்பக்கம் ஒரே ஒரு அம்மா. மாராத்தாள்னு பேரு. கொங்குப் பக்கம் சின்னத் தறிக்காரங்க. வக்கீல் வைக்க வசதி இல்ல. ரயில் ஏறி அவங்களே வந்துட்டாங்க."

"ம்."

"என்னைப் பார்த்ததும், 'சாரு நம்ம பக்கமுங்களா? அப்பாடா, தமிழ்லயே சொல்லிரலாமுங்க'ன்னு சிரிச்சாங்க. போன தடவை நூல் விலை ஏறினப்ப எங்க தெருவுல பாதித் தறி நின்னு போச்சுங்க, இன்னொருக்கா ஏறுச்சுன்னா தறியக் கழட்டி எடைக்குத்தான் போடோணும்னாங்க."

"நீரு என்ன செஞ்சீரு?"

"கேட்டுட்டு இருந்திருக்கணும். அந்த நாற்காலிக்கு அதுதான் வேலை. என் வாய் தானாத் தொறந்துட்டு, அம்மை."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"முந்தின மூணு வருஷக் கணக்கு இருக்கான்னேன். நூல் விலையாலதான் நின்னுதுன்னு எப்படிச் சொல்றீங்க, கரண்டு பில்லு ஏறினதால இருக்கலாமேன்னேன். வீட்டுக்காரருக்குப் பக்கவாதம்னீங்களே, அதனாலயும் உங்க தறி நின்னிருக்கலாமேன்னேன்."

"அதுக்கு?"

"'இருக்கலாமுங்க'ன்னாங்க. அப்படியே உக்காந்துட்டாங்க. அதுக்கப்புறம் வாயே தொறக்கல. வக்கீலா இருந்தப்ப எதிர்ப்பக்கத்துச் சாட்சிய மடக்குவேன்லா, அதே மாதிரி மடக்கிட்டேன். மில்காரங்க வக்கீல் ஒருத்தரு என்னைப் பார்த்துத் தலையாட்டினாரு. நானும் ஆட்டிட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. அம்மையின் கை மட்டும் கீரையை விடவில்லை.

"'இருக்கலாமுங்க'ங்கிற அந்த ஒரு வார்த்தைய வச்சுத்தான் உத்தரவே எழுதியிருக்கேன். தறிக்காரங்களே ஒத்துக்கிட்டதுன்னு. என் நாக்கு என் பேச்சைக் கேக்கலையே! இன்னும் யார் யார் என் முன்னால வந்து நிப்பாங்களோன்னு நெனச்சா குலை நடுங்குது."

அம்மை முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

முழங்கால் வலிக்காரர்களுக்கென்று கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கும். அம்மை அதில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குப் போய் உட்கார்ந்தார்.

"உம்ம கண்ணாடியத் தாரும்."

கொடுத்தார். அம்மை போட்டுக்கொண்டார்.

"ஒண்ணும் தெரியல. இருக்கட்டும். எதிர்ல நில்லும்."

நின்றார்.

"பயம் எப்போலேருந்து?"

"பத்து நாளா, அம்மை."

"அதுக்கு முந்தின மூணு வருஷம் பயம் எம்புட்டு இருந்துது?"

"அளந்து பார்க்கலையே…"

"அளக்கல. சரி. தூக்கம்?"

"சுத்தமா இல்ல."

"தில்லிக் குளிரால இருக்கலாமே?"

"குளிருதான். ஆனா…"

"ஆமாவா, இல்லையா?"

"இருக்கலாம்."

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். அம்மை விடவில்லை.

"நெஞ்சு படபடப்பு?"

"இருக்கு."

"வயசு?"

"அம்பத்தெட்டு."

"உம்ம அப்பாவுக்கு நெஞ்சு வலி உண்டுல்லா?"

"அது வேற, அம்மை…"

"உண்டா?"

"உண்டு. நான் என்ன சொல்ல வாரேன்னா…"

"கேட்டதுக்கு மட்டும் பதில்."

அம்மையின் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. அதில் கோபம் துளிகூட இல்லை.

"வயசு, குளிரு, அப்பா வழி. நீரே ஒத்துக்கிட்டீரு. பயம் இருந்தாலும் அந்த உத்தரவாலதான் வந்ததுன்னு நிரூபணம் ஆகல. தள்ளியாச்சு." கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். "அடுத்த ஆளு."

கூடத்தில் அடுத்த ஆள் நான்தான். சத்தியமாகச் சொல்கிறேன், நான் அசையவில்லை.

"நிரூபிக்க முடியலைன்னா இல்லைன்னு ஆயிருமா?" என்று கத்தினார் திருமலைக்கொழுந்து. "உள்ள கெடந்து சாகுதேன் நான்!"

கத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார், வேறு யாரோ கத்தியது போல. பிறகு நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

அம்மை நாற்காலியை விட்டு இறங்கி வந்து மறுபடியும் முறத்தின் முன் உட்கார்ந்தார். நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். சட்டையெல்லாம் நனைந்தது.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"விசாரணைய மறுபடி வைக்கணும். முதல்ல நடந்தது என் தப்பால கெட்டுப்போச்சுன்னு நானே எழுதணும்."

"ம்."

"மில்காரங்க சும்மா விடமாட்டாங்க. கோர்ட்டுக்கு இழுப்பாங்க. இப்ப நீங்க கேட்ட மாதிரியே கேப்பாங்க. நான் பழக்கிவிட்ட பயலுவளே எந்திரிச்சு நின்னு கேப்பானுவ."

"கேப்பானுவ."

"வேலை போயிரும், அம்மை. பேரும் போயிரும்."

"போகும்."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? அம்மை சொல்லவில்லை. கீரைக் காம்பை ஒடித்துக்கொண்டிருந்தார்.

திருமலைக்கொழுந்து பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். முழங்கால்மேல் வைத்தார். பேனாவைத் திறந்தார். ஒரு எழுத்துகூட நேராக விழவில்லை.

"கை நடுங்குதே. கொஞ்சம் நிதானத்துக்கு வந்துட்டு எழுதுதேன்."

அம்மை தலை நிமிரவில்லை.

"நடுங்கும்போதே எழுதும். நடுக்கம் நின்னுட்டா வக்கீலு எழுத ஆரம்பிச்சிருவாரு; பேனாவைக் கீழ வச்சிரும்."