பொந்து நிறையப் பஞ்சு

காட்டோரத்துப் புளியமரப் பொந்தில் வரிச்சி என்ற அணில் தன் இரண்டு பிள்ளைகளோடு குடியிருந்தது. போன மார்கழிப் பனியில் அதன் பிள்ளை ஒன்று விறைத்துச் செத்துப்போயிருந்தது. அன்று பிடித்த பயம் வரிச்சியை விடவேயில்லை.

பக்கத்து இலவமரத்தில் காய் வெடித்துப் பஞ்சு பறக்கத் தொடங்கியதும், அது தையல்சிட்டிடம் ஓடியது.

"அக்கா, இந்த வருஷமாச்சும் என் புள்ளைங்களுக்கு ஒரு பஞ்சுப் போர்வை தைச்சுத் தருவீங்களா?"

"அதுக்கென்ன, தைச்சாப் போச்சு. இலை என்கிட்ட இருக்கு. ரெண்டு இலைக்கு நடுவுல வைக்க நாலு வாய்ப் பஞ்சு கொண்டா."

"நாலு வாயா? பத்தலைன்னா?"

"பத்தலைன்னா அப்பப் பார்த்துக்கலாம்."

அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே வரிச்சிக்கு ஆகாது. நாலு வாய் எடுத்தது. பிறகு பத்து வாய். அப்புறம் கணக்கே இல்லை. பொந்தின் கூரைவரை பஞ்சு நின்றது. பிள்ளைகள் அதன்மேல் ஏறிப் புரண்டு உறங்கின.

காலையில் எழுந்து பார்த்தால் பஞ்சு பாதிதான் இருந்தது! உடம்புகள் அழுத்தினால் பஞ்சு அமுங்கும் என்று வரிச்சிக்குத் தோன்றவில்லை. யாரோ திருடுகிறார்கள் என்றுதான் தோன்றியது. மறுபடி கூரைவரை நிரப்பியது, நன்றாக மிதித்தும் விட்டது. மறுநாளும் பஞ்சு குறைந்திருந்தது.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. நீங்க ஏதும் எடுத்தீங்களா?"

தையல்சிட்டுக்கு முகம் சுருங்கிவிட்டது. "உன் பஞ்சை நான் கண்ணாலகூடப் பார்க்கலை. திருடின்னு சொன்ன பிறகு உனக்கு நான் தைக்கிறதா? வேற ஆளைப் பாரு" என்று பறந்துபோனது.

தைக்க ஆள் போனதே என்று வரிச்சி கவலைப்படவில்லை. பஞ்சு குறைகிறதே என்றுதான் கவலைப்பட்டது. இன்னும் கொண்டுவந்தது, இன்னும் மிதித்தது.

"அம்மா, நாங்க எங்க படுக்கிறது?" என்றது இளைய பிள்ளை.

"கொஞ்ச நாள் கிளையில படுங்க கண்ணு. எல்லாம் உங்களுக்காகத்தானே சேர்க்கிறேன்."

மார்கழி வந்தது. வெயில் ஏறாத ஒரு காலையில் பிள்ளைகள் கிளையில் ஒன்றையொன்று ஒட்டி நடுங்கிக்கொண்டிருந்தன. அடிமரத்தில் ஒரு சாரைப்பாம்பு ஏறி வந்தது.

"அம்மா, பாம்பு!"

"உள்ள ஓடுங்க!"

ஓடிய பிள்ளைகளுக்குப் பொந்தில் மூக்கை நுழைக்கத்தான் இடமிருந்தது. வரிச்சி பாய்ந்து வந்து பஞ்சை வெளியே இழுத்தது. இழுக்க இழுக்க, அமுங்கிக் கிடந்த பஞ்சு உப்பிக்கொண்டு வாசலை அடைத்தது. அப்போதுதான் அதற்கு விஷயம் புரிந்தது. ஒருவரும் ஒன்றையும் திருடவில்லை.

பாம்பு கிளைக்கு வந்துவிட்டது. வரிச்சி வெறி வந்ததுபோல் பஞ்சை வாரிக் காற்றில் எறிந்தது. இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் இடம் கிடைத்தது. அவற்றை உள்ளே தள்ளிவிட்டு, பாம்பின் கண்ணெதிரே கிளை நுனிக்கு ஓடியது. பாம்பு பிள்ளைகளை விட்டுவிட்டு அதன் பின்னால் போய் வாலைக் கவ்வியது. வரிச்சி உயிரை வெறுத்துக் கீழே குதித்தது. அதன் வாலில் பாதி பாம்பின் வாயிலேயே நின்றுவிட்டது.

பாம்பு அதைத் தேடிக் கீழே இறங்கிப்போன பிறகு வரிச்சி மெல்ல மேலே ஏறி வந்தது. மிச்சப் பஞ்சையும் வெளியே தள்ளிவிட்டுப் பொந்துக்குள் படுத்தது. அணிலுக்குக் குளிரில் போர்த்திக்கொள்ள வால்தான் உண்டு. வரிச்சிக்கு அதிலும் பாதி இல்லை.

"அம்மா, குளிருதா?" என்று கேட்ட பிள்ளைகள், இரு பக்கமும் ஒட்டிப் படுத்து, தங்கள் சின்ன வால்களை அதன்மேல் போட்டன. வரிச்சி வாய்விட்டு அழுதது.

பயத்தினால் அளவின்றிச் சேர்த்து வைப்பவர்கள், யாருக்காகச் சேர்த்தார்களோ அவர்களுக்கே இடமில்லாமல் செய்துவிடுவார்கள்.