செங்கோடன் வாசலில் உட்கார்ந்த பவளாயி

அந்தக் காலத்தில் கரடியும் பேசும், கரடியின் மண்டைக்குள் இருக்கிற நரம்புகளும் பேசும். நம்பாதவர்கள் எழுந்து போகலாம், எனக்கொன்றும் நட்டமில்லை.

அப்படி ஒரு கரடியின் மண்டைக்குள் செங்கோடன் என்று ஒரு நரம்பு இருந்தான். நாக்கில் தேன் பட்டதும் டோபமின் என்கிற தூதுவர்களைக் கூட்டம் கூட்டமாக அனுப்புவது அவன் வேலை. எதிரே சின்ன இடைவெளி. அதற்கு அக்கரையில் இன்னொரு நரம்பு. அதன் வாசலெல்லாம் தூதுவரை ஏற்றுக்கொள்கிற ஏற்பிப் பெண்கள். தூதுவன் வந்து கையைப் பிடித்தால், "இன்னும் வேணும்!" என்று வீட்டுக்குள் பார்த்துக் கத்துவார்கள். அதில் பவளாயியை மிஞ்ச ஆளில்லை. அவள் கத்தினால் கரடியின் கால் தானாக மரமேறும். அந்தக் கர்வம் அவளுக்கு நிறையவே உண்டு.

ஒருநாள் கரடி பெரிய தேனடை ஒன்றில் வாய் வைத்தது. காலையில் வைத்த வாயை வெயில் சாயும்வரை எடுக்கவில்லை. வயிறு உப்பி மூச்சு முட்டியது. தேனீ கொட்டி ஒரு கண் மூடிக்கொண்டது. உட்கார்ந்திருந்த கிளையும் முறியத் தொடங்கியது.

"அடி பாவிகளா, கிளை முறியுது! கரடி விழுந்தா நாமளும் செத்தோம். வாயை மூடுங்க!" என்றாள் பவளாயி.

"அவன் கையைப் பிடிக்கறானே, கத்தாம எப்படி?" என்றாள் பக்கத்து வாசல்காரி. அதுவும் நிஜம்தான். பவளாயிக்கே வாய் நிற்கவில்லை.

சட்டென்று அவள் தன் இடத்தைப் பிய்த்துக்கொண்டு இடைவெளியைத் தாண்டினாள். நேராகச் செங்கோடன் வாசலில் போய் உட்கார்ந்தாள்.

"என்ற வாசல்ல எனக்கே காவலா? எந்திரிச்சுப் போ அம்மணி!" என்று சீறினான் அவன்.

"போகமாட்டனுங்க அண்ணா."

வெளியே வந்த முதல் தூதுவனை இரண்டு கையாலும் பிடித்தாள். செங்கோடன் வீட்டுக்குள் பார்த்து, பிறந்ததிலிருந்து சொல்லாத சொல்லைக் கத்தினாள்: "போதும்!"

தூதுவர் கூட்டம் மெலிந்து நின்றது. கரடி ஒற்றைக் கண்ணால் கீழே பார்த்து, "ஐயையோ!" என்று சறுக்கி இறங்கியது. இறங்கி முடிப்பதற்குள் கிளை முறிந்து பக்கத்தில் விழுந்தது.

"வந்துருடி பவளா! அங்கேயே இருந்தா 'இன்னும்'னு சொல்ற வாய் உனக்குப் போயிரும்!" என்று அக்கரைப் பெண்கள் அழைத்தார்கள்.

கண் கலங்கத்தான் செய்தது. ஆனால் அவள் தலை குனியவில்லை. "ஏத்திவிட நீங்க ஆயிரம் பேர் இருக்கீங்க. இறக்கிவிட நான் ஒருத்திதானே?" என்றாள்.

செங்கோடன், "நல்லா உக்காரு அம்மணி," என்று தள்ளி இடம் விட்டான்.

அன்று முதல்தான் டோபமின் அனுப்புகிற நரம்பின் சொந்த வாசலிலேயே ஓர் ஏற்பி உட்கார்ந்து, அனுப்புகிறவனையே "போதும்" என்று அதட்டி வருகிறாள்.