தளவாய் அண்ணாச்சியின் பின்சக்கரம்

தளவாய்நாதனுக்குச் சந்தேகப்படுவது மூச்சு விடுகிற மாதிரி. பால்காரர் பாலை ஊற்றிவிட்டுப் போனால் பாத்திரத்தைச் சாய்த்துப் பார்ப்பார். சாமி கும்பிடும்போதும் ஒரு கண் வாசலில் கழற்றிப் போட்ட செருப்பு மேல்தான் இருக்கும். கோவில்பட்டியில் எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய குருவும் அப்படித்தான் கூப்பிடுவார், ஏனென்றால் குரு வடிவம்மை அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவர்.

வடிவம்மை வீட்டில் காலையில் நாலு பேர் கூடி உட்கார்ந்து பேசுவார்கள். இந்த அம்மா நிஜமாகவே யாரிடமும் ஒன்றும் வாங்குவதில்லையா, இதில் என்ன சூது இருக்கிறது என்று வேவு பார்க்கத்தான் அண்ணாச்சி முதலில் போனார். பார்த்துப் பார்த்தே சீடர் ஆகிவிட்டார். அது அவருக்கே ஆச்சரியம்.

அப்பேர்ப்பட்டவரின் மனைவி ஆவுடையம்மாள் போன மாதம் வீட்டை விட்டுப் போய்விட்டாள்.

நடந்தது இதுதான். ஜாக்கெட் வாங்கி வருகிறேன் என்று தையல்கடைக்குப் போனாள். அவள் தெருமுனை திரும்புவதற்குள் அண்ணாச்சி தையல்காரருக்குப் போன் போட்டு, "எங்க வீட்டம்மா அங்க வந்தாங்களா? வந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். தையல்காரர் அதைக் கடையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் சொல்லிச் சிரித்தார். ஆவுடையம்மாள் ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு, மதுரையில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

இன்றைக்கு மத்தியான ரயிலில் மும்பைக்கு, மகனோடு இருக்கக் கிளம்புகிறாள். வடிவம்மை மூலமாகச் சொல்லி அனுப்பியிருந்தாள்: "அவரு நேர்ல வந்து கூப்பிட்டா யோசிக்கிறேன். வண்டி ஏறிட்டேன்னா அப்புறம் கூப்பிட வேண்டாம்."

அண்ணாச்சி காரை எடுத்தார். குருவையும் கையோடு கூட்டிக்கொண்டார்.

"நீங்க கூட இருந்தாத்தாம்மா அவ நம்புவா."

"வர்றேன் அண்ணாச்சி. ஆனா உங்களுக்காக நான் பேச மாட்டேன்."

சாத்தூர் தாண்டியது. அண்ணாச்சி கேட்டார்.

"அம்மா, யாரை நம்பலாம், யாரை நம்பக் கூடாதுன்னு ஒரு மனுசன் எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

வடிவம்மை பதில் சொல்வதற்குள் பின்னால் டக், டக், டக் என்று ஒரு சத்தம். வண்டியை ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தார்கள். இடது பின்சக்கரத்தில் ஓர் ஆணி, தலை மட்டும் பளபளவென்று தெரிய, நன்றாக உள்ளே இறங்கியிருந்தது. டயர் லேசாகத்தான் அமுங்கியிருந்தது.

"காத்து இருக்கே," என்றார் வடிவம்மை. "ஆணியே அடைச்சுக்கிட்டு நிக்குது. அதோ பஞ்சர் கடை தெரியுது பாருங்க. இப்படியே மெதுவா ஓட்டிட்டுப் போயிரலாம்."

அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். கூப்பிடு தூரத்தில் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் பழைய டயர் ஒன்று தொங்கியது. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அதானே பாத்தேன்! இத்தனை நீள ரோட்டுல, கடைக்கு முன்னாடியா பாத்து ஆணி ஏறுமாம். அவனே போட்டிருக்காம்மா. அவன் வலையில நாமளே ஓட்டிட்டுப் போயி விழணுமா?"

"வண்டிக்கு நேரமாகுது அண்ணாச்சி."

"ஒரே நிமிசம். புது ஆணியா, பழைய ஆணியான்னு பாத்துட்டாப் போதும், குட்டு வெளிப்பட்டிரும்."

"எடுக்காதீங்க."

அதற்குள் வண்டியிலிருந்து எடுத்த குறடு ஆணியின் தலையைக் கவ்விவிட்டது. அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு திருகு திருகி ஆணியைப் பிடுங்கினார். புஸ்ஸ்ஸ் என்று காற்று அவர் முகத்திலேயே அடித்தது. அவர் ஆணியை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டயர் தரையோடு உட்கார்ந்துவிட்டது.

ஆணி புதிதும் இல்லை, பழையதும் இல்லை.

"ஸ்டெப்னி இருக்குல்ல?" என்று கேட்டார் வடிவம்மை.

இருந்தது. டிக்கியில் பத்திரமாக, சங்கிலி போட்டு, பூட்டுப் போட்டு இருந்தது. சர்வீசுக்கு விட்டால் நல்ல டயரைக் கழற்றிக்கொண்டு மொட்டை டயரை மாட்டிவிடுவார்கள் என்று அண்ணாச்சி தானே போட்ட பூட்டு.

"சாவி?"

"வீட்டுல," என்றார் அண்ணாச்சி. குரல் இறங்கிவிட்டது. "முருகன் படத்துக்குப் பின்னால. திருட்டுப் பயலுக கண்ணுல படக் கூடாதுன்னு..."

"டயருக்குள்ள பீச்சினா ஓட்டைய அடைக்கிற நுரை டப்பா ஒண்ணு வாங்கினதாச் சொன்னீங்களே?"

"அதுல ஒட்டியிருந்த லேபிள் கோணலா இருந்துச்சும்மா. போலின்னு திருப்பிக் குடுத்துட்டேன்."

கையில் மிஞ்சியது காரில் செருகுகிற சின்னக் காற்றடிக்கும் பம்பு மட்டும்தான். அதை மாட்டிப் பார்த்தார். அடிக்க அடிக்க, உள்ளே போன காற்றெல்லாம் அதே ஓட்டை வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது. வடிவம்மை கார் நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார். வேறு வழியில்லாமல் அண்ணாச்சி அந்தத் தகரக் கொட்டகைக்கே நடந்தார்.

கடைக்காரர் பெயர் செல்லச்சாமி. பனியன் போட்டுக்கொண்டு முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். அவர் பக்கத்தில் ஒரு டப்பா நிறைய ஆணி.

அண்ணாச்சிக்கு ரத்தம் சூடேறியது. தன் ஆணியை எடுத்து டப்பா ஆணிகளோடு வைத்துப் பார்த்தார். "ரெண்டும் ஒரே சாதியா இருக்கே! இதுக்கு என்ன சொல்றீரு?"

"ஆணின்னா ஆணி மாதிரிதான்யா இருக்கும்."

"இவ்வளவு ஆணி உமக்கு எதுக்கு?"

"டயர்ல இருந்து பிடுங்கினது. திரும்ப ரோட்டுல வீசச் சொல்றீங்களா?"

"வீசுறீரோ என்னவோ, யாரு கண்டா?"

செல்லச்சாமி முறுக்கைக் கீழே வைத்தார். "ஆணி போட்டுப் பொழைக்கிறதுன்னா நான் ஏன்யா இந்தப் பொட்டல்ல உக்காந்திருக்கேன், மதுரை டவுனுக்குள்ள போயிர மாட்டேனா? இஷ்டம்னா கூப்பிடுங்க. இல்லேன்னா அடுத்த கடை விருதுநகர்ல இருக்கு. உருட்டிக்கிட்டே போங்க."

இப்படியே இரண்டு பேரும் மாறி மாறிப் பேசி நல்ல நேரத்தைக் கரைத்தார்கள். கடைசியில் அண்ணாச்சிதான் இறங்கி வந்தார். "வந்து பாருங்க," என்றார், மரியாதையை வாயில் வலுக்கட்டாயமாக வரவழைத்துக்கொண்டு.

செல்லச்சாமி வந்தார். ஓட்டையைப் பார்த்தார். "ஆணியை எதுக்குப் பிடுங்கினீங்க? அப்படியே என் கடை வரைக்கும் ஓட்டிட்டு வந்திருக்கலாமே."

அண்ணாச்சி வடிவம்மை பக்கம் திரும்பவில்லை.

சக்கரத்தைக் கழற்றாமலே வேலை நடந்தது. அரம் மாதிரி ஒரு கம்பியை ஓட்டைக்குள் விட்டுச் செல்லச்சாமி சொரசொரப்பாக்கினார். பசை தடவிய தடித்த நூல் ஒன்றை ஊசியில் கோத்து, முழு பலத்தோடு உள்ளே ஏற்றி, ஊசியை மட்டும் வெடுக்கென்று உருவினார். நூல் உள்ளேயே நின்றுகொண்டது. அதன் வாலில் சுண்டுவிரல் நகம் அளவு விட்டு மீதியை வெட்டினார். அண்ணாச்சி கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார், எங்கே பக்கத்தில் இன்னொரு ஓட்டை போட்டுவிடுவானோ என்று. பம்பு காற்றடித்தது. செல்லச்சாமி எச்சிலைத் தொட்டு நூல் மேல் வைத்தார். குமிழி வரவில்லை.

"இது நிக்குமா?"

"மதுரைக்குப் போய்ச் சேரலாம். போனதும் டயரைக் கழட்டி உள்பக்கம் ஒட்டுப் போட்டிருங்க. இது இப்போதைக்குத்தான்."

"உறுதியா நிக்கும்ல?"

"நான் என்ன கூடவா வரப் போறேன்? ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்க. புதுசா போட்ட நூலு. ஓட ஓடத்தான் இறுகிப் புடிக்கும். சும்மாச் சும்மா நோண்டிக்கிட்டு இருக்காதீங்க."

அவர் போன பிறகுதான் அண்ணாச்சி மணி பார்த்தார். பறந்து போனாலும் ரயிலுக்கு முன்னால் மதுரை போய்ச் சேர முடியாது.

"அம்மா, நீங்க ஒரு வார்த்தை ஆவுடைகிட்டப் பேசுங்க. பஞ்சர்னு நான் சொன்னா நம்ப மாட்டா. வர மனசில்லாம கதை விடுறேன்னு நினைப்பா."

"பேச மாட்டேன்னு சொல்லித்தான் அண்ணாச்சி ஏறினேன்."

அண்ணாச்சியே போனைப் போட்டார். எடுத்தாள். பின்னால் ஸ்டேஷன் அறிவிப்பு கேட்டது.

"ஆவுடை, சாத்தூர் தாண்டி நிக்கிறேன். டயர் பஞ்சர்."

அவள் வாய் திறப்பதற்குள் அண்ணாச்சியே தொடர்ந்தார்.

"சத்தியமாச் சொல்றேன். ஆணி கையிலயே இருக்கு. போட்டோ எடுத்து அனுப்பட்டுமா? இல்ல, கடைக்காரரைக் கூப்பிடுறேன், அவர்கிட்டயே கேளு. போனை அவர்கிட்டக் குடுக்கவா?"

"அவர்கிட்ட என்னத்தைக் கேக்கச் சொல்றீங்க?" என்றாள் ஆவுடையம்மாள். "பஞ்சர்னு நீங்க சொல்லிட்டீங்கல்ல?"

அண்ணாச்சி ஆணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வெயில்ல நிக்காதீங்க. மெதுவா வாங்க. நான் ஏறல, இங்கேயே உக்காந்திருக்கேன்."

போன் வைக்கப்பட்டது. நாற்பது வயதுப் பிள்ளைக்கு அப்பா, அந்த மனுஷன் நடுரோட்டில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். சந்தோஷமாகத்தான் வண்டியை எடுத்தார். செல்லச்சாமி கடையைக் கடக்கும்போது ஹாரன் அடித்துக் கையைக்கூட ஆட்டினார். செல்லச்சாமி பதிலுக்கு ஆட்டவில்லை.

ஆனால் பிறந்ததிலிருந்து கூடவே வந்த குணம் அவ்வளவு சீக்கிரம் இறங்கிப் போய்விடுமா? விருதுநகர் நெருங்கும்போது அண்ணாச்சியின் வலது கால் தானாகத் தளர்ந்தது.

"இங்கேயே உக்காந்திருக்கேன்னு சொன்னாளே. ரொம்பச் சுலபமாச் சொல்லிட்டா இல்லம்மா?"

வடிவம்மை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஒருவேளை என்னைச் சமாதானப்படுத்தி வச்சிட்டு வண்டி ஏறிட்டாளோ? ஏறிட்டுத்தான் பேசினாளோ? ஸ்டேஷன் சத்தம் ரயிலுக்குள்ளயும் கேக்கும்."

அண்ணாச்சி வண்டியை ஓரமாக நிறுத்திப் போனை எடுத்தார்.

"மச்சினிச்சி வழியனுப்பக் கூடப் போயிருக்கா. அவகிட்ட ரகசியமா ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன், உங்க அக்கா பெஞ்சுல இருக்காளா, வண்டியில இருக்காளான்னு. ஆவுடைக்குத் தெரியவா போகுது? மனசு நிம்மதியா வண்டி ஓட்டலாம்."

வடிவம்மை கதவைத் திறந்து இறங்கினார். அவர் பின்பக்கம் போவதைப் பார்த்து அண்ணாச்சியும் போனும் கையுமாக இறங்கி ஓடினார். அம்மா சேலையை ஒதுக்கிக்கொண்டு பின்சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். டயர் கின்னென்று இருந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த நூலின் வாலை இரண்டு விரலால் பிடித்தார்.

"என்னம்மா பண்றீங்க?"

"நல்லாப் புடிச்சிருக்கான்னு ஒரு இழுப்பு இழுத்துப் பாத்துக்கிறேன். நிம்மதியாப் போகலாம்."

"ஐயையோ, வேண்டாம்மா! விடுங்க!"

"ஏன் அண்ணாச்சி? செல்லச்சாமி மேல அவ்வளவு நம்பிக்கை வந்துருச்சா?"

"நம்பிக்கையாவது ஒண்ணாவது! இழுத்தா கையோட வந்துரும்மா! இப்பத்தானே கொஞ்சம் கொஞ்சமாப் புடிச்சுக்கிட்டு வருது!"

வடிவம்மை நூலை விட்டுவிட்டு எழுந்தார். விரலில் ஒட்டிய கறுப்பைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

"சரி, நான் இழுக்கல," என்றார். "நீங்க மச்சினிச்சிக்குப் போனைப் போடுங்க."